பனிக்காலக் கடலோர வாசம்

மேலைநாடுகளில் பனி கொட்டத் தொடங்கியதும் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டு, இலங்கையின் தென்கரையிலுள்ள மீனவர் ஊர் ஒன்றில் சில மாதங்களைக் கழித்துச் செல்வோர் உளர். உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ முதலிய ஊர்களில் மார்கழி முதல் பங்குனி வரை இவர்களைக் காணலாம். வழக்கம் புதியதன்று. அமெரிக்க எழுத்தாளர் போல் போல்ஸ் 1952இல் வெலிகம விரிகுடாவிலுள்ள தப்ரபேன் என்னும் சிறு தீவை விலைக்கு வாங்கினார். பிரான்சு நாட்டவரான டி மோனி பிரபு 1920களில் அங்கே எண்கோண மண்டபத்தோடு ஒரு மனை எடுத்திருந்தார். தீவுக்குப் பாலம் இல்லை. அலைநீரில் இறங்கி நடந்தே செல்ல வேண்டும். அந்நாளில் மின்விளக்கும் இருக்கவில்லை. 1955ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் போல்ஸ் அங்கிருந்தே ஒரு நாவலை எழுதி முடித்தார். அவர் மனைவிக்கோ அவ்விடம் சிறிதும் ஒத்துவரவில்லை. மறு ஆண்டிலேயே தீவு விலைபோயிற்று.

ஏன் அந்த நான்கு மாதங்கள் மட்டும் தென்கரைக் கடல் அடங்கிக் கிடக்கிறது? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் கடற்கரையை விட்டு மலையகத்துக்கு ஏறி வர வேண்டும்.

இலங்கையின் நடுவே பிதுருதாலகால 2,524 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அதைச் சூழ்ந்த மலைத்தொகுதி, தீவின்மேல் வீசும் இரு பருவக்காற்றுகளுக்கும் குறுக்கே இட்ட சுவர் போன்றது. வைகாசி தொடங்கித் தென்மேற்கிலிருந்து வரும் காற்று மேற்குச் சரிவில் மோதி ஏறிக் குளிர்ந்து, சுமந்து வந்த நீரையெல்லாம் அங்கேயே கொட்டிவிடும். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வது இதனாலேயே. நீரை இழந்த காற்று கிழக்கே இறங்கும்போது சூடேறி வறண்டு போகிறது. மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லிச் சலித்துக்கொள்ளும் அனற்காற்று அதுவே. வாடைக்காற்றின் காலத்தில் நிலைமை தலைகீழாகும். மழை வடக்கிலும் கிழக்கிலும் பெய்து தீர, மேற்கும் தெற்கும் வெயில் காய்கின்றன. தரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றாதலின், வெலிகமவில் அலையும் தணிகிறது.

இந்தக் கணக்கை மீனவர் நெடுங்காலமாக அறிவர். மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதியினர் வலையும் படகுமாக முல்லைத்தீவுக் கரைக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்து, காற்று மாறியதும் ஊர் திரும்புவது பழைய வழக்கம். பருவந்தோறும் அயற்கரையில் வாழ்வது அவர்களுக்குப் பிழைப்பு, ஓய்வன்று.

சிவனொளிபாத மலைக்கு அடியார் ஏறுவதும் மார்கழிப் பூரணை முதல் வைகாசி வரையே. நல்லதண்ணிப் பாதையில் அவர்கள் நடப்பதும், வெலிகமவில் வெள்ளையர் வெயில் காய்வதும் பெரும்பாலும் ஒரே காலநிலையின் பயன்.

அதே மாதங்களில் தேயிலைத் தோட்டங்களில் நடப்பது வேறு. தை மாத விடியலில் நுவரெலியாவின் தாழ்நிலங்களில் புல்லின்மேல் உப்பைத் தூவினாற்போல் உறைபனி படிகிறது. வெயில் ஏறியதும் பனி பட்ட இலை கருகிவிடும். வறண்ட காற்றில் கொழுந்து மெல்லவே துளிர்க்கிறது. அப்படி மெல்லத் துளிர்ப்பதனாலேயே அதில் மணம் ஏறுகிறது. திம்புள்ளப் பகுதித் தேயிலை தை முதல் பங்குனி வரை சிறந்து விளங்குவதன் இரகசியம் இதுதான். ஊவாவுக்கு அந்தச் சிறப்பு, கச்சான் வீசும் ஆடி ஆவணியில் வாய்க்கிறது.

கொழும்பு ஏலத்தில் மணத்துக்கு விலை உண்டு. தோட்டத்துத் தராசு எடையை மட்டுமே அறியும். கூடையில் நிறை குறித்த அளவை எட்டினால் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அன்று முழுப் பேர். எட்டாவிடில் அரைப் பேர் என்பது தோட்டங்களில் நீண்ட கால நடைமுறை. தளிர் அருகிய நாளில், பத்துச் செடியில் பறிப்பதை இருபது செடியில் தேடிப் பறிக்க வேண்டும். பனிக்கு அஞ்சித் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு விடியற்காலையில் லயத்தை விட்டு இறங்குவோர், சித்திரை மழையையே எதிர்நோக்கி இருக்கின்றனர். அம்மழையில் கொழுந்து மளமளவென்று எழும், கூடை நிறையும். வெலிகமவில் அந்நேரம் பயணிகள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பர்.