மின்சுற்றுப் பலகையின் மேற்பூச்சு

மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் நேயர்கள் மழைக்காலத்து ஈரத்தை நன்கறிவர். சுவரிற் பூசணம் படரச் செய்யும் அவ்வீரமே, குளிர்ப்பெட்டி முதலியவற்றுள் அமைந்த மின்சுற்றுப் பலகையையும் கெடுக்கின்றது. அருகருகே செல்லும் இரு செம்புத் தடங்களின் இடையே ஈரமும் உப்பும் படிந்து, மின்னழுத்தமும் நிலவுமாயின், ஒரு தடத்தின் உலோகம் கரைந்து, மறு தடத்தினின்று வேர்போற் கிளைத்து வளர்ந்து, இரண்டையும் இணைத்துவிடும், கருவி பழுதாகும்.

இதனைத் தடுக்கவே, உறுப்புக்களைப் பொருத்தி முடித்தபின் பலகையின்மீது அக்ரிலிக், சிலிக்கோன், பாலியூரிதேன் போன்றவற்றை மென்படலமாகப் பூசுகின்றனர். அக்ரிலிக் படலத்தின் கனம் பெரும்பாலும் 30 முதல் 130 மைக்ரான் வரை இருக்கும். கரைப்பானால் எளிதில் நீங்குவதால், பழுது பார்ப்போர்க்கு அதுவே உகந்தது என்பது நம் கருத்து. மிகு வெப்பம் தாங்கவேண்டிய இடத்திற்குச் சிலிக்கோன்.

ஆயினும் இப்படலம் நீராவி புகவே புகாத கவசம் அன்று. ஈரம் மெல்ல ஊடுருவும். ஆகவே, பற்றவைத்தபின் எஞ்சிய பிளக்ஸையும் விரல்பட்ட வியர்வை உப்பையும் கழுவி உலர்த்தாமற் பூசுவது, அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். நாளடைவில் பூச்சு கொப்புளித்து உரியும். அவ்வாறு அவசரமாகத் தெளிப்பதினும் தெளியாதிருத்தலே நலம் என்போம். இணைப்பு முனைகளையும் விசைகளையும் முன்னரே மூடிவைத்தல் வேண்டும். படலம் அங்கே படிந்தால் மின்தொடர்பு அறும். பூச்சில் ஒளிரும் சாயம் கலந்திருப்பின், புற ஊதா விளக்கின்கீழ், பூசாது விடுபட்ட இடம் இருண்டு தோன்றும்.