உஷார்! ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, வலி மட்டும் போகவில்லையா?

ஈசிஜி எடுத்தாயிற்று. இரத்தம் பார்த்தாயிற்று. ஸ்கேனும் செய்தாயிற்று. எல்லாம் ‘நோர்மல்’. ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது, கை கால் உளைகிறது, இரவில் கண் மூட முடியவில்லை. கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை இந்தக் கரையோரத்தில் இப்படி மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில், டிஸ்பென்சரி டிஸ்பென்சரியாக ஏறி இறங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். இப்போதே உஷாராகுங்கள். அந்த வலியைவிட, அதற்காக அவர் விழுங்கிக்கொண்டிருக்கும் மாத்திரைகள் அவருக்குப் பெரிய கேடு செய்யக்கூடும்.

அவருடைய சொப்பிங் பேக்கை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஓரம் கிழிந்த ஈசிஜி தாள்கள், மடித்து மடித்து எழுத்து அழிந்துபோன ரிப்போர்ட்டுகள், அவற்றுக்கு இடையில் சின்னச் சின்னக் காகித உறைகள். உறையின் மேல் ‘காலை 1, இரவு 1’ என்று பேனாவால் எழுதியிருக்கும். மருந்தின் பெயர் இருக்காது. பாலாவியில் வாங்கியது ஓர் உறை, புத்தளம் டவுனில் வாங்கியது இன்னோர் உறை. இரண்டிலும் ஒரே வலி மாத்திரை வேறு வேறு நிறத்தில் இருந்தால் யாருக்குத் தெரியும்? டைக்ளோஃபெனக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகளை நாள்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரும், இரத்தம் கசியும். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் அவை குறைக்கும். உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அந்தக் கேடு இரட்டிப்பாகிறது. உப்பளத்தில் வெயிலில் நிற்கிறவர், கடலுக்குப் போய்த் திரும்புகிறவர், வெங்காயத் தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறவர், இவர்களெல்லாம் அந்த நிலையில்தான் மாத்திரை போடுகிறார்கள். பிரஷர், சீனி இருந்தால் கேட்கவே வேண்டாம். சிறுநீரகம் பழுதாவது ஆரம்பத்தில் வெளியே தெரியாது. தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

தூக்க மாத்திரையும் அப்படித்தான். சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும். நீண்ட நாள் போட்டவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இதை வாசித்துவிட்டு இன்றிரவே குப்பையில் போட்டுவிடாதீர்கள். வைத்தியரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஏன் இந்தக் கரையில் இதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டோர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவில் இருந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் கிடுகுக் கொட்டில்களில் தொடங்கி இங்கேயே தங்கிப்போனார்கள். இருபது வருடங்களுக்குப் பிறகு, அந்த மக்களின் மனநலம் எப்படி இருக்கிறது என்று செஸ்மல் சிறிவர்தன, அதுல சுமதிபால உள்ளிட்ட ஆய்வாளர்கள் 450 பேரிடம் விசாரித்தார்கள். 2013இல் முடிவு வெளிவந்தது. பயங்கர நினைவுகள் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் நோய் இருந்தது 2.4 வீதமானோருக்கு. கடும் மனச்சோர்வு 5.1 வீதம். எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்தது, மனத்தின் பாரம் உடம்பு வலியாக வெளிப்படும் கோளாறு: 14 வீதம். ஏழு பேரில் ஒருவர்!

அதாவது, இடம்பெயர்ந்த துயரம் கனவில் வந்ததைவிட முதுகிலும் நெஞ்சிலும் வயிற்றிலும்தான் அதிகம் வந்திருக்கிறது. அவர்கள் அழுதுகொண்டு மனநல வைத்தியரிடம் போவதில்லை. ‘ஈரக்குலை நடுங்குது டொக்டர்’ என்று சொல்லிக்கொண்டு ஓ.பி.டி. வரிசையில் நிற்கிறார்கள். அங்கே இரண்டு நிமிடத்தில் ஒரு மருந்துத் துண்டு கிடைக்கிறது. வெளியேற்றப்பட்டவர்களின் கதை மட்டுமல்ல இது. கடலில் மகனைப் பறிகொடுத்த தாய்க்கும், வெளிநாட்டுக்கு உழைக்கப் போன மனைவியின் பிரிவில் தவிக்கும் கணவனுக்கும், 2019 மே மாதம் சிலாபம், நாத்தாண்டிய பக்கம் கடையும் வீடும் தாக்கப்பட்டதைப் பார்த்தவர்களுக்கும் உடம்பு இப்படித்தான் பேசக்கூடும்.

இங்கே ஒரு தப்பு அபிப்பிராயத்தை உடனே களைய வேண்டும். ‘மனசால வர்ற வலி’ என்றால் வலி இல்லை, நடிக்கிறார் என்று அர்த்தமல்ல. வலி உண்மையானது. பயமும் கவலையும் நீடித்தால் தசைகள் இறுகும், இதயம் வேகமாகத் துடிக்கும், குடல் குழம்பும், தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் வலி இன்னும் கூடும். வலி கூடினால் ‘எனக்கு ஏதோ பெரிய நோய்’ என்ற பயம் கூடும். பயம் கூடினால் தசை மேலும் இறுகும். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டவரிடம் போய் ‘உங்களுக்கு ஒண்டுமில்ல, சும்மா யோசிக்கிறீங்க’ என்று சொல்வதைப் போன்ற கொடுமை வேறில்லை. வைத்தியர் சொன்னாலும் கொடுமைதான், மருமகள் சொன்னாலும் கொடுமைதான்.

உளவியல் சிகிச்சை அந்தச் சுற்றைத்தான் அறுக்கிறது. புத்திமதி சொல்லி அனுப்புவதல்ல அது. முதலில் முறைப்பாடு அத்தனையையும் குறுக்கிடாமல் கேட்பார்கள். பிறகு ஒரு கொப்பி கொடுத்து, படபடப்பு எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது என்று எழுதிவரச் சொல்வார்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். இரண்டு மூன்று வாரத்தில் அவருக்கே தெரிய ஆரம்பிக்கும்: வட்டிக்காரன் வரும் நாளில்தான் நெஞ்சு அடைக்கிறது, மகளின் கலியாணப் பேச்சு எடுத்தால்தான் தலை பிளக்கிறது. மூச்சை மெதுவாக விடப் பழக்குவார்கள். வலிக்குப் பயந்து கைவிட்ட வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுக்க வைப்பார்கள்.

இது வெள்ளைக்காரருக்கு மட்டும் சரிவரும் வைத்தியம் என்று நினைக்காதீர்கள். காரணம் தெரியாத வலிகளோடு திரும்பத் திரும்ப வைத்தியரிடம் வந்த 68 பேரிடம் சுமதிபால குழுவினர் இலங்கையிலேயே இதைச் சோதித்தார்கள். 2000இல் வெளிவந்த அந்த ஆய்வில், சி.பி.டி. எனப்படும் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களின் முறைப்பாடுகள் குறைந்தன. அவர்கள் வைத்தியரைத் தேடி ஓடியதும் குறைந்தது. 2008இல் 150 பேரிடம் செய்த அடுத்த ஆய்வு இன்னும் முக்கியமானது. பாதிப் பேருக்கு சி.பி.டி., மீதிப் பேருக்கு வைத்தியர் முறையாக நேரம் ஒதுக்கிக் கவனித்தார். இரு சாராருக்கும் குணம் தெரிந்தது, வித்தியாசமே இல்லை. எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான்: ஓடுவதை நிறுத்திவிட்டு ஒரே வைத்தியரிடம் ஒழுங்காகப் போவதே பாதி மருந்து.

பேச்சால் பசி தீராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புத்தளம் ஆய்வில் வேலையில்லாதவர்களும் துணையை இழந்தவர்களும் சாப்பாட்டுக்குத் திண்டாடுகிறவர்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். சிகிச்சை அவர்களுக்கு நிற்பதற்குத் தெம்பு தரும். கடனை அடைக்காது.

நோய் உறுதியானவர்களும் உஷார். சீனி, மாரடைப்பு, பாரிசவாதம், புற்றுநோய் வந்தவர்களுக்கு மனச்சோர்வும் சேர்ந்தால் மருந்தை விட்டுவிடுகிறார்கள், கிளினிக் திகதியைத் தவறவிடுகிறார்கள். ‘இனி என்னத்துக்கு’ என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் அதைச் சோம்பல் என்று எடுக்காதீர்கள்.

எல்லா வலியையும் மனத்தின் தலையில் கட்டுவதும் ஆபத்து. நெஞ்சை அழுத்தி வியர்த்துக் கொட்டினாலோ, கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கம் செயலிழந்தாலோ ஒரு நொடியும் தாமதிக்காமல் சுவசெரிய அம்புலன்ஸை 1990 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். உடம்பு மெலிந்துகொண்டே போவது, இரத்தம் போவது, விடாத காய்ச்சல், இவற்றுக்கும் முதலில் பரிசோதனைதான்.

உளவளத்துணை என்று போர்டு போட்டவரெல்லாம் பயின்றவர் அல்லர். எங்கே படித்தீர்கள், எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். சீனி மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், இத்தனை நாளில் குணம் என்று உத்தரவாதம் தருகிறவர், முன்பணமாகப் பெருந்தொகை கேட்கிறவர், இன்னொருவரின் குடும்ப இரகசியத்தை உங்களிடம் அவிழ்க்கிறவர்: இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஓதிப் பார்ப்பதிலும் நேர்த்தி வைப்பதிலும், தலவில அன்னம்மாள் தேவாலயத்துக்குப் போவதிலும் மனம் ஆறுகிறதென்றால் தாராளமாகப் போங்கள். ஆனால் அடிக்கிறவர், கட்டி வைக்கிறவர், வைத்தியரிடம் போகாதே என்கிறவர் கையில் யாரையும் ஒப்படைக்காதீர்கள்.

‘அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்களோ’ என்ற பயத்தில்தான் பலர் இந்தப் பக்கமே வருவதில்லை. இந்த வலிகளுக்காக யாரையும் வார்டில் பூட்டி வைப்பதில்லை. அரச வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்கில் காசில்லாமல் பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்கு வரலாம். ஓ.பி.டி.யில் உங்கள் முறை வரும்போது வாயைத் திறந்து கேளுங்கள்: “டொக்டர், டெஸ்ட் எல்லாம் நோர்மல். வலி போகவில்லை, தூக்கமும் இல்லை. என்னை மனநலக் கிளினிக்குக்கு அனுப்புவீர்களா? தமிழில் பேசுகிறவர் வேண்டும்.” காகித உறைகள் அத்தனையையும் மேசையில் கொட்டிக் காட்டுங்கள். போக முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ‘செத்தா நல்லம்’ என்ற வார்த்தை வீட்டில் யார் வாயிலாவது வந்திருந்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். மாத்திரைகளையும் தோட்ட மருந்தையும் எட்டாத இடத்தில் பூட்டிவிட்டு, அவரைத் தனியே விடாமல், இன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.