சாம்பல் காட்டுக்கோழி

சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவில் மட்டுமே இயற்கையாக வாழும் காட்டுப் பறவை ஆகும். மயில், கௌதாரி, வீட்டுக்கோழி ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. காலசு சொன்னராட்டி என்னும் இதன் அறிவியற் பெயர், 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா நினைவாக இடப்பட்டது. பழந்தமிழில் காட்டுக்கோழியைக் கானக்கோழி, கானவாரணம் என்றனர்.

பரவலும் வாழிடமும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்பறவை மிகுதி. வடக்கே ஆபு மலை வரையிலும் கிழக்கே ஏறத்தாழ கோதாவரி வரையிலும் காணப்படுகிறது; அதற்கப்பால் சிவப்புக் காட்டுக்கோழி வாழ்கிறது. மூங்கில் புதர்கள், இலையுதிர் காடுகள், கைவிடப்பட்ட தோட்டங்கள் ஆகியவற்றில் தரையைக் கிளறி விதைகளையும் கறையான்களையும் உண்ணும். இரவில் மரத்தில் அடையும். முட்டையிடுவதோ தரையில்.

திருச்சிராப்பள்ளியை ஒட்டிய உறையூருக்குக் கோழி என்றொரு பழம்பெயர் உண்டு. கோழியொன்று யானையை எதிர்த்து வென்ற இடம் என்பது கதை; அது காட்டுக்கோழியா வீட்டுக்கோழியா என்று கதை கூறவில்லை. இன்று உறையூரிலோ, காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத்திலோ இப்பறவைக்கு ஏற்ற காடு இல்லை. இம்மாவட்டத்தில் அதனைத் தேடுவோர் துறையூரை அடுத்த பச்சைமலைக்கோ கொல்லிமலை அடிவாரத்திற்கோ செல்லவேண்டும். விடியற்காலையில் சேவலின் கூவலே முதலில் கேட்கும். வீட்டுச் சேவலின் கூவலைப்போல அது நீண்டு முடிவதில்லை, துண்டு துண்டாக ஒலிக்கும்.

இம்மலைகளைச் சுற்றிலும் வயல்களும் ஊர்களும் உள்ளன. காட்டுக்கோழி நெடுந்தொலைவு பறப்பதில்லை. எனவே ஒரு மலையில் இது அற்றுப்போனால், வேறொரு மலையிலிருந்து சமவெளியைக் கடந்து வந்து குடியேறுவது அரிது.

காப்பு நிலை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழியும் அபாயம் குறைந்த இனமாக வகைப்படுத்தியுள்ளது. ஆயினும் எண்ணிக்கை குறைந்து வருவதாகவும் குறிப்பிடுகிறது. காடழிப்பும், இறைச்சிக்காகக் கண்ணி வைத்துப் பிடிப்பதும் முதன்மைக் காரணங்கள். சேவலின் கழுத்திறகுகளின் நுனியில் அரக்குத் துளி போன்ற பளபளப்பான புள்ளிகள் உண்டு. தூண்டிலில் கட்டும் செயற்கைப் பூச்சிகள் செய்ய ஐரோப்பியர் இவற்றைப் பெரிதும் விரும்பியமையால் முற்காலத்தில் பல பறவைகள் கொல்லப்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனை வேட்டையாடுவதைத் தடைசெய்கிறது.

எளிதில் கண்ணுக்குப் புலப்படாத இடர் ஒன்றும் உள்ளது. காட்டோர ஊர்களில் வளர்க்கப்படும் கோழிகளுடன் இப்பறவை கலந்து இனம் பெருக்கக்கூடும். இக்கலப்பு புதிதன்று: வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழியே எனினும், மஞ்சள் தோலுக்குரிய மரபணு சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. மஞ்சள் கால் கொண்ட நாட்டுக்கோழிகள் அம்மரபணுவையே தாங்கியுள்ளன. ஆனால் சிறு மலைக்காட்டில் எஞ்சியுள்ள சில பறவைகளிடையே வீட்டுக்கோழியின் மரபணுக்கள் பரவினால், காட்டினத்தின் தூய்மை விரைவில் குன்றிவிடும்.