உணவும் உடற்கடிகாரமும்

சுங்கைப் பட்டாணி நகரில் 1936ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. ஊருக்கு அது நேரம் காட்டுவதைப் போல, விலங்குகளின் உடலுக்குள்ளும் ஒரு கடிகாரம் இயங்குகிறது. எப்போது விழிப்பது, இரை தேடுவது, உறங்குவது என்பவற்றை ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் அது நெறிப்படுத்துகிறது. இதனை உயிரியல் கடிகாரம் என்பர்.

பாலூட்டிகளின் தலைமைக் கடிகாரம் மூளையில் உள்ளது. கண்வழி வரும் வெளிச்சத்தைக் கொண்டு அது தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கல்லீரல் போன்ற உறுப்புகளிலும் சிறு கடிகாரங்கள் உள்ளன. அவை உணவு கிடைக்கும் நேரத்தைப் பின்பற்றுகின்றன. எனவே, உணவு குறைந்தாலோ நேரம் தவறினாலோ இக்கடிகாரங்களின் ஒத்திசைவு குலையக்கூடும்.

நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் எலிகள் இரவில்தான் பழங்களைத் தேடி வரும். அவற்றை வேட்டையாடும் கூகைகளுக்காகப் பல தோட்டங்களில் மரப்பெட்டிகள் அமைக்கப்பட்டுள்ளன. எலி, கூகை இரண்டுமே இரவுக்கு ஏற்ற உயிர்கள். ஆனால், பசி இவ்வழக்கத்தையே மாற்றிவிடக்கூடும்.

நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் இதனை வெளியிட்டனர். சக்கரத்தில் ஓடினால்தான் உணவு கிடைக்கும் என்ற நிலையில் சுண்டெலிகளை வைத்தனர். அதே உணவுக்கு அவை மேன்மேலும் ஓட வேண்டியிருந்தபோது, இரவில் நடமாடிய அவை பகலில் நடமாடத் தொடங்கின. குளிர்ந்த இரவில் அலைந்தால் உடல் வெப்பத்தைக் காக்கவே மிகுந்த ஆற்றல் செலவாகும். அந்நேரத்தில் வளைக்குள் முடங்கினால் அது மிச்சமாகும். ஆயினும், காட்டிலோ வயலிலோ பகலில் வெளிவரும் சுண்டெலி பருந்தின் கண்ணில் எளிதில் பட்டுவிடும். பசி அதனை ஆபத்தான நேரத்திற்குத் தள்ளுகிறது.

வயிறு நிறைய உண்டால் மட்டும் போதுமா? இந்தியாவில் பிறந்த சச்சிதானந்த பாண்டாவின் குழுவினர் அமெரிக்காவின் சால்க் ஆய்வுக்கழகத்தில் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கொழுப்பு மிகுந்த உணவை எந்நேரமும் உண்ட சுண்டெலிகள் பருத்து நலம் குன்றின. ஏறத்தாழ அதே அளவு உணவை இரவில் 8 மணி நேரத்திற்குள் மட்டும் உண்டவை நலமாக இருந்தன. அவற்றின் உடற்கடிகாரமும் சீராக இயங்கியது.

மனித உடலிலும் இத்தகைய கடிகாரங்கள் உள்ளன. ஆகவே, காலைப் பசியாறலைத் தவிர்த்து நள்ளிரவில் உண்ணும் பழக்கத்தைக் கைவிடுவோம். வகுப்பில் ஒரு நண்பன் கண்ணயர்ந்தால், அவனைச் சோம்பேறி என்று உடனே முடிவுகட்டாதீர்கள். ‘பசியாறினாயா?’ என்று முதலில் கேளுங்கள்.