மணிக்கணக்கில் முற்றும் காய்ச்சல்

மறைமலை நகரின் தொழிற்சாலைகளை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நமது தென் மாவட்டங்களிலிருந்தும் வந்து, ஓர் அறைக்கு ஐவர் அறுவராகத் தங்கியிருக்கும் இளைஞர்களையும், பொத்தேரி, காட்டாங்கொளத்தூர்ப் பக்கத்து விடுதிகளில் முதன்முறையாகப் பெற்றோரைப் பிரிந்து வசிக்கும் மாணவ மாணவியரையும் எண்ணும்போதெல்லாம், அபூர்வமாகவே வருவதாயினும் வந்துவிட்டால் ஒரு பகலிரவுக்குள் உயிரைக் கொண்டுபோய்விடக்கூடிய ஒரு வியாதியைப் பற்றி இவர்களுக்கு எவரேனும் சொல்லியிருப்பார்களா என்னும் கவலை என்னை விட்டு அகல்வதில்லை. மெனிங்கோகாக்கஸ் என்ற நுண்கிருமியால் உண்டாகும் மூளைக்காய்ச்சலும், அக்கிருமி ரத்தத்தில் பெருகுவதால் நேரும் நச்சுநிலையுமே அந்த வியாதி.

டில்லியில் 1966, 1985, 2005 ஆகிய ஆண்டுகளிலும், மேகாலயத்தில் 2008-லும் இது கொள்ளைநோயாகப் பரவியது. அதனால் இதனை வடக்கேயிருந்து வருவோர் கொண்டுவரும் நோயென்று கருதுவது பெரும்பிழை. உலகில் பத்துப்பேரில் ஒருவர் வரை தமக்கு யாதொரு தீங்குமின்றித் தொண்டையின் மேற்புறத்தில் இக்கிருமியைத் தாங்கியிருக்கின்றனர். இருமலாலும் தும்மலாலும், நெருங்கி நெடுநேரம் உடனுறைவதாலும் அது பிறரைச் சேருகிறது. குற்றம் குடியிருப்போரிடம் இல்லை. காற்றோட்டமற்ற அறையில் அத்தனை பேரை அடைத்து வாடகை வாங்குவோரிடமே இருக்கிறது.

தொண்டையைத் தாண்டி ரத்தத்தில் நுழைந்த கிருமி, மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வைத் தாக்கினால் கடுங்காய்ச்சல், தாங்கவொண்ணாத் தலைவலி, வாந்தி, வெளிச்சத்தைக் கண்டால் கூசுதல், தாடையை மார்பில் படவைக்க இயலாதபடி பிடரி விறைத்தல், அறிவு மயங்குதல் ஆகியவை தோன்றும். கைக்குழந்தைகளிடம் இக்குறிகளை எதிர்பார்த்தல் ஆகாது. பால் குடிக்க மறுத்து, தூக்கினாலும் ஓயாமல் வீறிட்டு அழுது, உச்சிக்குழி புடைத்திருந்தால் அதுவே போதிய எச்சரிக்கை. கிருமி ரத்தத்திலேயே தங்கிப் பெருகுமாயின் நிலைமை இன்னும் கொடியது. அதன் நஞ்சு நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. சில இடங்களில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ள, வேறிடங்களில் கசிந்து தோலின் கீழ்ச் செந்நீலப் புள்ளிகளாகவும் திட்டுகளாகவும் பரவுகிறது. ரத்த ஓட்டம் குன்றிய கைகால்கள் காய்ச்சலின் நடுவிலும் சில்லிட்டுப்போகின்றன. பிழைத்தவருக்கும் சில சமயம் அழுகிய விரல்களை, ஏன், காலையே வெட்டி நீக்க நேரிடுகிறது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளில் ரத்தம் பெருகினால் ரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து மரணம் சம்பவிக்கும். மூட்டுகளும் இதயத்தைச் சூழ்ந்த உறையும்கூடத் தப்புவதில்லை. சிகிச்சையில்லாவிடில் நோயுற்றோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் மடிவர். தக்க சிகிச்சை பெற்றும் பத்தில் ஒருவர் இறக்கின்றனர்.

நமது புறநகர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காய்ச்சலென்றால் டெங்கு என்றே நினைக்கிறோம். தோலில் புள்ளிகள் கண்டாலும் தட்டணுக்களை எண்ணச் சொல்லிவிட்டு மறுநாள்வரை காத்திருக்கிறோம். இந்த வியாதி மறுநாள்வரை காத்திராது. கண்ணாடித் தம்ளரின் பக்கத்தைப் புள்ளிகளின்மேல் அழுத்திப் பார்க்கும்போது அவை மறையாதிருந்தால், அது டெங்குவோ இதுவோ என்று வீட்டில் ஆராயாமல் அக்கணமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நமது மாநிறத்திலும் கருநிறத்திலும் புள்ளிகள் எளிதில் புலப்படாவாகையால், உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகியவற்றைப் பார்ப்பது அவசியம். புள்ளிகளே தோன்றாத நோயாளிகளும் உண்டு.

108-ஐ அழைப்பதற்கும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெறுவதற்கும் ஆதார் அட்டையோ முன்பணமோ இல்லையென்று எவரும் தயங்க வேண்டியதில்லை. உயிரைக் காப்பது அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் ஆகிய இருவருக்குமே கடமையென்று 1989-ல் பரமானந்த கடாரா வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் விதி தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று 1996-ல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத ஊதியத்தில் இ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்படும் தொழிலாளி, வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வைத்திய உதவிக்கு உரியவர் என்பதை ஒப்பந்தக்காரர்கள் சொல்லாமல் மறைத்துவிடுவதுண்டு. தொழிலாளிதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்நோயை மறைப்பதற்கும் எவருக்கும் அதிகாரமில்லை. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், அறிவிக்கப்பட வேண்டிய தொற்றுநோய்களின் வரிசையில் மூளைத்தண்டுவடக் காய்ச்சல் என்ற பெயரில் இதனையும் அன்றே சேர்த்திருக்கிறது. அறிவித்தால் என்ன லாபமென்று விடுதி நடத்துவோர் கேட்கக்கூடும். நோயாளியுடன் ஒரே அறையில் உறங்கியவர்களுக்கு, இயன்றால் 24 மணி நேரத்துக்குள், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற தடுப்பு மருந்தை மருத்துவர் கொடுத்துவிட்டால் அடுத்த மரணத்தைத் தடுக்கலாம் என்பதே லாபம்.

தடுப்பூசியும் உண்டு. ஹஜ் யாத்திரை செல்வோர் அதைப் போட்டுக்கொண்ட சான்றைக் காட்டியாக வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் அதனைக் கேட்கின்றன. நமது தேசிய தடுப்பூசித் திட்டத்தில் அது இடம்பெறவில்லை. தனியாரிடம் அதன் விலையோ சில ஆயிரம் ரூபாய். புனேயின் சீரம் நிறுவனத்தின் வாயிலாக 2010 முதல் ஆப்பிரிக்காவுக்கு அரை டாலருக்கும் குறைந்த விலையில் இவ்வினத் தடுப்பூசியை அளித்த தேசம் இது. கொள்ளைநோய் தோன்றியபின் ஊசியோடு ஓடுவதைவிட, நெருக்கமாய் வாழும் மாணவருக்கும் தொழிலாளருக்கும் முன்கூட்டியே குறைந்த விலையில் அது கிடைக்க அரசு ஆவன செய்ய வேண்டுமென்று நான் வற்புறுத்துவேன்.

நோய் தீர்ந்து வீடு திரும்புகையில் பலரும் மறந்துவிடுவது செவியை. மூளைச்சவ்வின் அழற்சி உட்செவிக்கும் பரவக்கூடுமாதலால், குணமானபின் நான்கு வாரங்களுக்குள் செவித்திறன் பரிசோதனை செய்யும்படி பெற்றோர் கேட்டே ஆகவேண்டும். செவிட்டுத்தன்மை தெரியவந்தால், நத்தை எலும்பு என்னும் உட்செவிச் சுருள் எலும்பாக இறுகி மூடிக்கொள்வதற்கு முன்பாகவே செயற்கைச் செவிக்கருவியைப் பொருத்தியாக வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்த அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செலவின்றிச் செய்யப்படுகிறது.