பரிசு பெறாத குழுவின் வெற்றி

புதிய எண்ணம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு தொடங்கப்பெறும் இளம் நிறுவனத்தைப் புத்தொழில் நிறுவனம் என்பர். அதனை 'ஸ்டார்ட்-அப்' என்று நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். எண்ணம் தொழிலாக மலர்வதற்குப் பணமும் பட்டறிவும் துணைவரும் தேவை. கல்வி முடித்துப் பணியில் சேர்ந்த இளைஞரிடம் இம்மூன்றும் ஒருங்கே அமைவது அரிது. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்தில் பிறந்தவர், கையிலுள்ள வேலையை விட்டுவிட்டுத் தொழிலில் இறங்க அஞ்சுவதும் இயல்பே. பெருஞ்செலவு செய்வதற்கு முன்பே எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க இத்தகையோர்க்கு உதவுவன புத்தொழில் போட்டிகள்.

இப்போட்டிகள் பல சுற்றுகளாக நடைபெறும். முதற்சுற்றில் குழுவினர் தம் திட்டத்தை எழுதி அனுப்புவர். யாருடைய இடர்ப்பாட்டை நீக்கப் போகிறோம்? அதற்கு அவர் என்ன விலை கொடுப்பார்? நமக்கு ஆகும் செலவு எவ்வளவு? இவ்வினாக்களுக்குத் திட்டத்தில் விடை இருத்தல் வேண்டும். தேர்வு பெற்ற குழுக்களுக்குத் துறை வல்லுநர்கள் வழிகாட்டுவர். இறுதிச் சுற்றில் சில நிமிடங்களுக்குள் நடுவர்முன் திட்டத்தை விளக்க வேண்டும். நடுவர்களுள் முதலீட்டாளர்களும் இருப்பதுண்டு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1990ஆம் ஆண்டு இத்தகைய போட்டி ஒன்று தொடங்கியது. அப்போது பரிசுத் தொகை 10,000 டாலர். 1998இல் அது 50,000 டாலராக உயர்ந்திருந்தது. அவ்வாண்டு கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டனும் அவருடைய மாணவர் டேனியல் லெவினும் இடம்பெற்ற குழு போட்டியில் கலந்துகொண்டது.

ஓர் இணையத்தளத்தைப் பலர் ஒரே நேரத்தில் நாடினால் நெரிசல் உண்டாகும். ஊரார் அனைவரும் ஒரே கிணற்றில் நீர் இறைக்க முந்துவது போன்றது அது. தெருதோறும் குழாய் அமைத்தால் நெரிசல் தீருமன்றோ? அவ்வாறே, இணையத்தளச் செய்திகளின் படிகளைப் பல ஊர்களிலுள்ள கணினிகளில் வைத்து, பயன்படுத்துவோர்க்கு அருகிலுள்ள கணினியிலிருந்து வழங்கலாம் என்பது அவர்கள் கண்ட வழி.

அக்குழு இறுதிச் சுற்றை எட்டியது. ஆயினும் முதற்பரிசு கிட்டவில்லை. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. கணித ஆய்வாக இருந்த எண்ணம், போட்டிக்காக வணிகத் திட்டமாக உருப்பெற்றிருந்தது. 1998 ஆகஸ்டில் 'அகமாய்' என்னும் நிறுவனத்தை அவர்கள் தொடங்கினர். மறு ஆண்டு அக்டோபரில் அதன் பங்குகள் பங்குச் சந்தைக்கு வந்தன. இன்று உலகெங்கும் உள்ள பல இணையத்தளங்கள் அதன் சேவையைப் பயன்படுத்துகின்றன.

நம் நாட்டிலும் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் அமைப்பு 'யுரேகா' என்னும் போட்டியை நடத்தி வருகிறது. 2017இல் தொடங்கிய 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' போட்டியில், அரசுத் துறைகள் முன்வைக்கும் சிக்கல்களுக்கு மாணவர்கள் தீர்வு காண்கின்றனர். நடுவணரசு 'ஸ்டார்ட்-அப் இந்தியா' திட்டத்தைத் தொடங்கிய ஜனவரி 16, தேசியப் புத்தொழில் நாளாக 2022இல் அறிவிக்கப்பட்டது.

பரிசு பெற்ற நிறுவனங்கள் யாவும் நிலைத்துவிடுவதில்லை. நடுவர் வழங்குவது மதிப்பெண். நிறுவனத்தை வாழவைப்பவர் வாடிக்கையாளரே. எண்ணத்தைத் தெளிவாக எழுதவும், பிறர் சுட்டும் குறையைக் கேட்டுத் திருத்தவும் கற்றுக்கொள்வதே போட்டியின் நிலைத்த பயன். அப்பயன் தோற்றவர்க்கும் உரியது.

சிந்தித்து எழுதுக: உங்கள் குடியிருப்பில் மக்கள் நாள்தோறும் படும் இடர்ப்பாடு ஒன்றைக் கூறி, அதனை நீக்கும் வழியை ஐந்து தொடர்களில் எழுதுக.