தொழுவிலிருந்து அரங்கிற்கு: மதுரை ஏறுதழுவுதல் களங்களின் மாற்றம்

முன்னுரை

ஏறுதழுவுதல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் காளையையும் வீரனையும் மையமாகக் கொண்டவை. அவ்விருவரும் எதிர்கொள்ளும் களம் போதிய கவனம் பெறவில்லை. மதுரை மாவட்டம் அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் 24.1.2024 அன்று தமிழக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கத்தைத் திறந்து வைத்தார். ஊர்ப்பொதுவில் நிகழ்ந்த விளையாட்டிற்கு அரசு நிலையான அரங்கம் அமைத்ததன் பொருளை இக்கட்டுரை விளக்குகிறது.

இலக்கியத்தில் களம்

கலித்தொகையின் முல்லைக்கலி, ஏறுகள் விடப்படும் அடைப்பிடத்தைத் ‘தொழு’ எனக் குறிக்கிறது. ஆயர்குல இளைஞர் அதனுள் பாய்ந்து ஏறுகளைத் தழுவுவதை மகளிரும் சுற்றத்தாரும் காண்கின்றனர். தழுவியவனுக்கே மகட்கொடை என்பதால், அங்குக் கூடியோர் வேடிக்கை பார்ப்போர் மட்டுமல்லர். மணவுறவை உறுதிசெய்யும் சான்றோருமாவர். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை மதுரையை ஒட்டிய ஆயர்பாடியில் நிகழ்வதும், ஏறுதழுவும் மரபை நினைவுகூர்வதும் இங்குக் கருதத்தக்கன.

ஊர்க்களமும் வாடிவாசலும்

இன்றைய சல்லிக்கட்டில் தொழுவின் இடத்தை வாடிவாசல் பெற்றுள்ளது. காளைகள் ஒவ்வொன்றாக வெளிப்படும் குறுகிய வாயில் அது. பொங்கலையொட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய மூன்று ஊர்களிலும் அடுத்தடுத்த நாள்களில் இவ்விளையாட்டு நடைபெறுகிறது. அவனியாபுரத்தில் போக்குவரத்துச் சாலையும், பாலமேட்டில் மஞ்சமலை ஆற்றுத்திடலும் களமாகின்றன. அலங்காநல்லூரில் முதலில் அவிழ்க்கப்படும் கோயில்காளையை எவரும் பிடிப்பதில்லை. ஆண்டு முழுவதும் அன்றாடப் புழக்கத்திலிருக்கும் இடம் ஒருநாள் மட்டும் களமாக மாறுவதே இம்மரபின் இயல்பு. நிகழ்வு முடிந்ததும் தடுப்புகள் அகற்றப்படும். இடம் மீண்டும் ஊருடையதாகும்.

சட்டமும் களமும்

களத்தின் வடிவத்தை அண்மைக்காலத்தில் பெரிதும் மாற்றியது சட்டமே. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் நிகழ்வை அரசின் கண்காணிப்பிற்குள் கொணர்ந்தது. 7.5.2014 அன்று உச்ச நீதிமன்றம் இவ்விளையாட்டிற்குத் தடை விதித்தது. 2017 சனவரியில் சென்னை மெரினா கடற்கரையிலும் அலங்காநல்லூர், மதுரை தமுக்கம் உள்ளிட்ட இடங்களிலும் எழுந்த போராட்டங்களைத் தொடர்ந்து, தமிழக அரசு சட்டத்திருத்தம் இயற்றியது. அத்திருத்தம் செல்லும் என அரசியல் சாசன அமர்வு 18.5.2023 அன்று தீர்ப்பளித்தது. காளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, மாடுபிடி வீரர்களுக்கு முன்பதிவு, பார்வையாளரைப் பிரிக்கும் இரட்டைத் தடுப்பு ஆகிய ஏற்பாடுகள் இன்று இன்றியமையாதன. ஆண்டுதோறும் தற்காலிகமாக அமைக்கப்படும் இவை நிலையான கட்டுமானத்தை நாடுவது இயல்பே.

கீழக்கரை அரங்கம்

வகுத்துமலை அடிவாரத்தில் ஏறத்தாழ 66 ஏக்கர் பரப்பில், 62.78 கோடி ரூபாய் செலவில் இவ்வரங்கம் எழுப்பப்பட்டது. வாடிவாசல், அடுக்கடுக்கான பார்வையாளர் மாடம், காளைகளுக்கான கொட்டகை, மருத்துவப் பரிசோதனைக் கூடம், அருங்காட்சியகம் ஆகியன இதில் உள்ளன. வீட்டுமாடியிலும் மரக்கிளையிலும் நின்று கண்டவர்கள் இங்கு இருக்கையில் அமர்ந்து காண்கின்றனர். பாதுகாப்பு நோக்கில் இது பெரும் பயன். தடுப்பைக் கடந்து பாயும் காளையால் பார்வையாளர் உயிரிழந்த நிகழ்வுகள் ஊர்க்களங்களில் உண்டு.

எனினும் ஒரு வினா எழுகிறது. 2014-இல் இவ்விளையாட்டு பண்பாட்டு மரபு என்ற வாதம் ஏற்கப்படவில்லை. 2023-இல், மரபின் அங்கம் என்னும் சட்டமன்றத்தின் முடிவில் நீதிமன்றம் தலையிடவில்லை. அதாவது, இன்றைய சட்ட ஏற்பிற்கு மரபும் ஓர் அடிப்படை. அம்மரபோ கோயில், ஊர்க்கூட்டம், தைத்திங்கள் ஆகியவற்றோடு பிணைந்தது. நாள் வரையறையும் ஊர்த்தொடர்பும் இல்லாத அரங்கில் அது போட்டியாக மட்டுமே எஞ்சக்கூடும். அலங்காநல்லூரின் தைப்பொங்கல் நிகழ்வு புதிய அரங்கிற்கு மாறாமல் பழைய வாடிவாசலிலேயே தொடர்வது, மக்கள் இவ்வேறுபாட்டை உணர்ந்திருப்பதையே காட்டுகிறது.

முடிவுரை

தொழு உறவுக்களமாகவும், ஊர்வாடி வழிபாட்டுக்களமாகவும், அரங்கம் போட்டிக்களமாகவும் விளங்குகின்றன. இவற்றுள் ஒன்று மற்றொன்றிற்கு மாற்றாகாது. அரங்கம் தன் அருங்காட்சியகத்தாலும், நாட்டுமாட்டினங்கள் பற்றிய ஆவணப்பணியாலும் ஆண்டு முழுவதும் பயன்தருமாயின், ஊர்க்களத்திற்குத் துணையாக நிலைபெறும். களங்களைத் தனித்தனியே கள ஆய்வு செய்து பதிவுசெய்வது இத்துறையின் உடனடித் தேவையாகும்.